ஐஸ் மேல் எடுத்த ஸ்கோர்

என் போனுக்கு வேகம் போதாது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. முடிவு செய்தவர்களில் ஒருவர்கூட என் போனைக் கண்ணால் பார்த்ததில்லை. எர்ணாவூர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததும் இல்லை.

நான் வேலை செய்வது காலிக் கன்டெய்னர்கள் திரும்பி வரும் யார்டில். சரக்கை எங்கேயோ இறக்கிவிட்டு வெறும் பெட்டியை டிரெய்லரில் கொண்டுவருவார்கள். அந்தப் பெட்டியைச் சுற்றிவந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று பார்த்து, எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து, கம்பெனி ஆப்பில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர் சர்வே. ஏற்றினால்தான் கேட் திறக்கும். அதுவரை அந்த டிரெய்லர் நிற்கும், அதன் பின்னால் இன்னொன்று நிற்கும், வரிசை மெயின் ரோடு வரைக்கும் போகும். டிரைவர்கள் ஹாரனில் கை வைத்தால் எடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த டிரிப் போனால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும்.

படமெடுப்பது பெரிய வேலையா என்று கேட்பவர்களை ஒரு நாள் மத்தியானம் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். நாங்கள் தினமும் அப்படித்தான் நிற்கிறோம். வெளியிலிருந்து டிரைவர் கதவை மூடுவார். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் கூரையிலோ சுவரிலோ எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். சுற்றிலும் வெயிலில் காய்ந்த இரும்பு. தலைமுடி முதல் உள்ளங்கால் வரை வெந்துவிடும். நமக்கே அப்படியென்றால் கையிலிருக்கும் போனுக்கு எப்படி இருக்கும்?

என் போன் பழசு. ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எனக்குத் தெரியும், என்னைப் பற்றி அதற்குத் தெரியும். அதில் கேம் இல்லை, குப்பை இல்லை. படம் எடுத்தால் எடுக்கும், அனுப்பு என்றால் அனுப்பும். ஐந்து சர்வேயர்களில் என் வரிசைதான் சீக்கிரம் நகரும். இதை நான் சொல்லவில்லை, டிரைவர்கள் சொல்வார்கள். எங்கள் ராயபுரம் சர்ச்சுக்கு வருகிற டிரைவர் லியோனார்ட் அண்ணன் யார்டுக்குள் வண்டியைத் திருப்பும்போதே தலையை வெளியே நீட்டி, "ஃப்ளோரன்ஸு எந்த லைன்ல கீது?" என்றுதான் கேட்பார்.

இந்த நிலைமையில்தான் வாட்ஸ்ஆப் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. அடுத்த மாதம் முதல் புது ஆப். அது வேகமான போனில்தான் ஓடும். ஆகவே எல்லா சர்வேயர்களும் பெஞ்ச்மார்க் ஆப் ஒன்றை இறக்கி, யார்டில் வைத்து, இன்சார்ஜ் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். சனிக்கிழமை கடைசி. ஸ்கோர் ஐந்து லட்சத்துக்குக் கீழே இருந்தால் காட்டுப்பள்ளி யார்டில் நைட் ஷிப்ட். அங்கே ராத்திரியில் வண்டி குறைவு, மெதுவான போன் போதுமாம்.

பெஞ்ச்மார்க் என்பது போனுக்கு வைக்கிற பரீட்சை. அந்த ஆப்பைத் திறந்துவிட்டு நாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவே கணக்குப் போடும், மலையும் காடும் வரைந்து பறந்து காட்டும், கடைசியில் ஒரு மார்க் போடும். என் போன் நாலு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கியது. ஃபெயில்.

என் வீட்டுக்காரர் ஆன்றோ ஆழ்கடல் மீன்பிடி போட்டில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் நானும் எட்டாவது படிக்கும் மகள் ஷிஜியும்தான். நான் நைட் ஷிப்ட் போனால் ராத்திரி முழுக்க அந்தப் பெண் தனியாகக் கிடக்க வேண்டும். எங்கள் தெருவில் ராத்திரியானால் மாடிப்படிக்குக் கீழே குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஷிஜிக்குப் பயமில்லை, கதவைத் தாழ்போட்டுக்கொள்வேன் என்கிறாள். எனக்குத்தான் பயம்.

நேராக இன்சார்ஜ் பகலவனிடம் போனேன். புளியந்தோப்புக்காரர், நல்ல மனுஷன்தான். மேலேயிருந்து ஒரு மெயில் வந்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

"சார், என் லைன் எவ்ளோ சீக்கிரம் நகருதுன்னு நீங்க தெனம் பாக்குறீங்க. அப்புறம் எதுக்கு சார் இந்த ஸ்கோரு?"

"எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரியணும்ல?"

"நீங்க சொல்லுங்க."

"இன்னான்னு சொல்றது? அவங்களுக்குப் போறது யார்டோட மொத்த டைம்தான். ஆளுக்கு ஆளு பேரு போட்டுப் போறது இந்த ஸ்கோர் ஒண்ணுதான். ஸ்க்ரீன்ல உன் பேருக்கு எதுர்ல செகப்பு கீது. நான் வாயால சொல்றது அங்க எங்க தெரியும்?"

"அப்போ வேல செய்யறது கணக்கில்ல. செய்யற மாதிரி போன் வெச்சுருந்தா போதும்."

அவர் டேபிளில் இருந்த தண்ணீரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் குடிக்கவில்லை.

புதுப் போன் வாங்கித் தொலைத்தால் என்ன என்று கேட்கலாம். வீட்டுக்காரர் போன போட்டு எப்போது திரும்பும் என்றே தெரியாதபோது எதை நம்பி வாங்குவது? அதோடு எனக்கு வீம்பும் உண்டு. ஓடுகிற போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடாத போனை எதற்கு வாங்க வேண்டும்?

ஓடாத போன் என்று நான் சொன்னது செங்கொடியின் போனை. செங்கொடி வியாசர்பாடிப் பெண், எனக்கு அடுத்த வரிசையில் நிற்கிறவள். செய்தி வந்த அன்றைக்கே டோல்கேட்டுக்கு ஓடிப்போய் வசீம் பாய் கடையில் தவணைக்கு ஒன்று வாங்கிவந்தாள். கண்ணாடி மாதிரி பளபளவென்று, கையில் பிடித்தால் வழுக்கும்.

"யக்கா, எட்டு லட்சம்க்கா! பாய் கடைல என் கண்ணு முன்னாடியே ஏறுச்சு. இன்னா ஸ்பீடுன்ற! உன்னுது இன்னும் மாட்டு வண்டிதான்."

"மாட்டு வண்டி மழைலயும் போவும், வெயில்லயும் போவும். நீ ஓட்டு பாப்போம்."

ஓட்டினாள். பத்து மணி வரைக்கும் பறந்தது. பதினோரு மணிக்கு மேல் திரை மங்கியது. உள்ளே நின்று வெளிச்சம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது கேமரா திறக்கவில்லை. நடுத்திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் 'போன் சூடாகிவிட்டது, ஆற விடவும்' என்று புத்திமதி வேறு சொன்னது. அவள் வரிசையில் ஹாரன் காதைக் கிழித்தது.

"இன்னாம்மே, போனு குளிச்சுட்டு வருதா?" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

"நீ வாய மூடு. எட்டு லட்சம் தெரியுமா இது!" என்று இவளும் கத்தினாள்.

ஏசி கடையில் எட்டு லட்சம். எர்ணாவூர் வெயிலில் எத்தனை? வெள்ளிக்கிழமை மத்தியானம் பகலவன் முன்னால், தகரக் கொட்டகையில், அதே போனில் பரீட்சையை ஓட்டினாள். நாலு லட்சத்து எண்பது. அவளும் ஃபெயில். நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. மற்ற மூன்று பேரின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஐந்து சர்வேயர், ஐந்து ஃபெயில். நாளைக்கு ஒரு தடவை முயற்சி பண்ணுங்கள் என்று பகலவன் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் காசிமேட்டில் இறங்கினேன். என் தம்பி சைமன் அங்கே ஐஸ் உடைக்கிறவன். பார் ஐஸை மெஷினில் போட்டு நொறுக்கி மீன் பெட்டிகளுக்குக் கொட்டுவது அவன் தொழில். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டான்.

"இன்னாக்கா, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வர? மாமா போட்டு வந்துச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுக்கா அழுவற? எம்மா நேரம் நம்ம பசங்க இங்க குந்திகினு இதத்தான ஆடிகினு கீறாங்க! குடு இப்படி."

போட்டு வரும்வரை வேலையில்லாமல் காத்திருக்கும் பையன்களுக்கு அது ஒரு விளையாட்டாம். யார் போனுக்கு ஸ்கோர் அதிகம் என்று பந்தயம். முதலில் கேம் ஆடும்போது போன் சூடேறிப் படுத்துக்கொள்கிறது என்று ஐஸ் பெட்டி மேல் வைத்திருக்கிறார்கள். அங்கே வைத்தால் ஸ்கோரும் ஏறுகிறது என்று எவனோ கண்டுபிடித்திருக்கிறான். அதிலிருந்து துறைமுகத்தில் ஐஸ் இல்லாமல் யாரும் போட்டிக்கு வருவதில்லை. ஐஸ் மேல் எடுக்காத ஸ்கோரை ஸ்கோர் என்றே மதிப்பதில்லையாம்.

சைமன் என் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி, நொறுக்கிய ஐஸ் மேல் படுக்க வைத்தான். பக்கத்துப் பெட்டியில் கவலை என்கிற சின்ன மீன் கிடந்தது. மலையும் காடும் பறந்து முடிந்தன. ஐந்து லட்சத்துப் பத்தாயிரம்.

"பாஸு!" என்று சைமன் கத்தினான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மேலெல்லாம் மீன் தண்ணி, அதனால் விட்டுவிட்டேன்.

ஆனால் பரீட்சையை யார்டில்தான் ஓட்ட வேண்டும். எனவே சனிக்கிழமை காலையில் சைமன் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸை பைக்கில் கட்டிக்கொண்டு யார்டுக்கு வந்தான். பெட்டியில் இருப்பது மீன்தானா என்று வாட்ச்மேன் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்றேன். பகலவன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தார்.

"நான் டீ குடிச்சுட்டு வரேன்," என்றார். "போன எங்க வெச்சு ஓட்டணும்னு மெயில்ல ஒண்ணும் போடல."

நான் மட்டும் ஓட்டி, என் ஸ்கோரை வாங்கிக்கொண்டு, பெட்டியை மூடி சைமனோடு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை. ஆனால் செங்கொடி அங்கே சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தவணைக்கு வாங்கிய போன் கையில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"வா, உன் எட்டு லட்சத்தக் கொண்டா," என்றேன்.

அவ்வளவுதான். ஐந்து பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். முதல் சுற்றிலேயே எல்லோரும் பாஸ். அத்தோடு எழுந்து போயிருக்க வேண்டும். நாங்கள்தான் வடசென்னைக்காரர்களாயிற்றே, சும்மா ஜெயித்தால் போதுமா, அடித்து ஜெயிக்க வேண்டாமா? செங்கொடிக்கு ஏழரை வந்தது. "கடைல எட்டு வந்துச்சு, இங்க எப்டி கொறையும்?" என்று மறுபடி வைத்தாள். எட்டே கால். சைமன் அவள் போனுக்குக் கீழே உப்பைத் தூவினான். உப்பு போட்டால் ஐஸ் இன்னும் ஜில்லென்று பிடிக்கும், மீன்காரர்களுக்கு அது தெரியும். ஒன்பது லட்சம். அவள் எழுந்து ஆடினாள். மற்ற மூன்று பேருக்கும் ரோஷம் வந்து உப்பைக் கேட்டார்கள். ஆறு, ஆறரை, ஏழு என்று ஏறிக்கொண்டே போனது. டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்து யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். நானும் விடவில்லை, உப்பு, புது ஐஸ், துணி சுற்றி என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். என் பழைய போன் ஐந்து லட்சத்து முப்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு ஸ்கோரும் தானாகவே பெயரோடு ஹெட் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஐந்து பேருக்கும் பச்சை விழுந்தது.

பகலவன் டீ குடித்துவிட்டு வந்தபோது யார்டெல்லாம் மீன் வாசனை. ஸ்க்ரீனைப் பார்த்துச் சிரித்தார். "கம்பெனி யார்டுலயே நம்மதுதான் டாப்பு," என்றார். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது ஷிஜிக்குப் பிடித்த ஜாம் பன் வாங்கிப் போனேன். ராத்திரி அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நிம்மதி அடுத்த வாரமே போய்விட்டது.

பகலவன் எங்கள் ஐந்து பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். முகம் சுண்டியிருந்தது. மெயிலைப் படித்துக் காட்டினார். எர்ணாவூர் யார்டு சர்வேயர்களுக்கு வாழ்த்துகள். மற்ற எந்த யார்டிலும் இவ்வளவு வேகமான போன்கள் இல்லை. ஆகவே இங்கே ஒரு பெட்டிக்குக் கொடுக்கப்பட்டிருந்த பத்து நிமிடம் இனி ஆறு நிமிடமாகக் குறைக்கப்படுகிறது. இவ்வளவு வேகத்துக்கு ஐந்து சர்வேயர் தேவையில்லை, நாலு பேர் போதும். ஒருவர் காட்டுப்பள்ளி நைட் ஷிப்டுக்கு மாற்றப்படுகிறார்.

"யாரு சார்?" என்றாள் செங்கொடி.

எனக்கு அவர் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"ஸ்கோர் யாருக்குக் கம்மியோ அவங்க," என்றார் பகலவன். என்னைப் பார்க்கவில்லை.

"சார், நான்தான் பாஸு. அஞ்சு முப்பது. நீங்களே பாத்தீங்க."

"பாஸுதாம்மா. ஆனா நாலு பேரும் உனுக்கு மேல கீறாங்க."

"எல்லாம் என் ஐஸு சார்! என் தம்பி கொண்டாந்த ஐஸு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதை மெயிலில் எழுத முடியுமா? ஐந்து பேருமே மீன் பெட்டி மேல் வைத்து எடுத்த ஸ்கோர் என்று சொன்னால் நாளைக்கே ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். பகலவனையும் சேர்த்து. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் போன் போட்டுப் பேசிப் பாத்தேன்மா. இந்தப் பொண்ணுதான் இங்க ஃபாஸ்டுன்னு சொன்னேன். ஸ்க்ரீன்ல அப்டி இல்லியே சார்ன்றான். சின்னப் பையன் கொரலு. மேல என்ன பேசறது?"

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குரல் மேல், உப்பு தூவிய சைமன் மேல், டீ குடிக்கப் போன பகலவன் மேல், ஒன்பது லட்சத்துக்கு ஆடிய செங்கொடி மேல். என் மேலும்தான். வேலை தெரியாது என்று சொல்லி அனுப்பியிருந்தால்கூட சண்டை போட்டிருக்கலாம். யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. என் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் ஷிஜியிடம் சொன்னேன். "பரவால்லம்மா, நான் தூங்கிடுவேன்," என்றாள். பிறகு, "உன் போனு நல்லாத்தானே ஓடுது?" என்றாள். ஆமாம் என்றேன். மறுநாள் காலையிலேயே தச்சர் ஒருவரைக் கூட்டிவந்து கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன்.

எர்ணாவூரில் எனக்குக் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் வரை இங்கேதான் வேலை என்று பகலவன் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் புது ஆப்போடு ஆறு நிமிடக் கணக்கும் தொடங்கியது. பெட்டி வந்ததும் ஆப்பில் ஒரு கடிகாரம் ஓடும். ஆறு நிமிடம் தாண்டினால் சிவப்பு. காலையில் எப்படியோ ஓடியது. வெயில் ஏற ஏற நாலு வரிசையும் படுத்துவிட்டது. நான் கொட்டகையில் உட்கார்ந்து என் பையில் தண்ணீர் பாட்டில், குடை, பழைய ஷூ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் வரிசையை அன்று காலையே மூடிவிட்டார்கள். நாலு பேர் போதும் அல்லவா?

வெளியே ஹாரன். வரிசை மெயின் ரோட்டில் ஏறி, பஸ்ஸை மறித்து, போலீஸ்காரர் வந்து கத்துகிற அளவுக்குப் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒன்பது லட்சம், ஏழு லட்சம், ஆறரை லட்சம் எல்லாம் இருக்கிறதே, அதெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

செங்கொடி ஓடிவந்தாள். புருவத்திலிருந்து வேர்வை சொட்டியது. அவள் தினமும் ஐஸ் வாங்கி வர ஆரம்பித்திருந்தாள், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் போனை அதில் போட்டு எடுப்பதற்கு. அன்றைக்கு ஐஸ் கரைந்து வெறும் தண்ணீராகிவிட்டது.

"யக்கா, நாலு பெட்டி வரிசையா செகப்பு. என்னையும் அங்க அனுப்பிடுவானுங்கக்கா. லியோனார்ட் அண்ணன் காலைலருந்து நிக்குறாரு. ஒரே ஒரு பெட்டி பாத்து குட்துடு. உன் கால்ல வேணா வுழறேன்."

"போய் ஒன்பது லட்சத்துகிட்ட கேளு."

"திட்டுக்கா. நல்லா திட்டு. ஆனா வா."

அவளுக்கு ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நைட் ஷிப்ட் அவளுக்கு வந்தாலும் அதே கதைதான். டிபன் பாக்ஸை மூடினேன். போனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.

லியோனார்ட் அண்ணன் வண்டி மேலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். "வந்தியாம்மா, தாயே! இனிமே கேட்டு தொறந்த மாதிரிதான்."

கதவு, இடது பக்கம், முன்பக்கம், வலது பக்கம். கால்கள் தாமாக நடந்தன. உள்ளே போனேன். லியோனார்ட் அண்ணன் கதவைச் சாத்தினார். இருட்டு. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. நல்ல பெட்டி. அந்த அனலில் நின்றபடியே அழுகை வந்தது, யாரும் பார்க்காததால் கொஞ்சம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கதவைத் தட்டினேன், திறந்தார். தரை, கூரை, உள்சுவர். படம் எடுக்க எடுக்க எடுத்தது. ஒரு தடவைகூட வட்டம் சுற்றவில்லை. பக்கத்தில் நின்ற செங்கொடி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"இன்னாக்கா இது, இந்த வெயில்ல இப்டி ஓடுது!"

படங்கள் சரசரவென்று ஏறின. பச்சைப் பட்டனை அழுத்தினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'இந்த யார்டில் உங்களுக்கு அனுமதி இல்லை.'

சாயங்காலம் வரைகூடக் காத்திருக்கவில்லை, ஹெட் ஆபீசில் என் பெயரைக் காட்டுப்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். லியோனார்ட் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா போட்டுக்கீது? கேட்டு தொறக்கலியே?"

"இன்னொரு வாட்டி அமுக்குக்கா," என்றாள் செங்கொடி.

அமுக்கினேன். அப்போதும் அதே பதில்தான், அப்போதும் உடனே வந்தது. அந்த வெயிலிலும் என் போன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.